பதினேழாம் கிணறு

கத்திரி வெயிலில் எங்கள் வேலை
கிணற்று வாயில் குனிந்து நிற்பது.
கணியம்பாடி ஒன்றியம், அறுபத்து மூன்று கிணறுகள்.
மூலையில் 57 பி/1 என்று எண் போட்ட நிலவரைபடம்,
முப்பது மீட்டர் டேப், படிவங்கள்,
டேப்பின் மறுமுனைக்குத் தேசிங்கு.

வரைபடத்தில் ஏரி நீலம்.
நேரில் வேலிக்காத்தான், உள்ளே ஆடுகள்,
ஆடுகளுக்குப் பின்னால் ஒரு செல்போன் பாட்டு.
வரைபடத்தில் நாகநதி இரண்டு கோடு.
நேரிலும் இரண்டு கோடுதான்,
லாரி டயர் போட்டது.
"பேப்பர்ல தண்ணி இக்குது மேடம்,
கொஞ்சம் சாய்ச்சுப் புடிங்க" என்பான் தேசிங்கு.

டேப்பை இறக்குவோம்.
ஈரம் தொட்டதும் ஒரு சின்ன ஓசை,
உலர்ந்த உதடு பிரிவது போல.
அந்த ஓசைதான் எண்.
மேலே சுற்றும் செயற்கைக்கோளுக்குக்
கண் உண்டு, காது கிடையாது.
முப்பது மீட்டரும் போய்க் கேட்காவிட்டால்
ஆட்டுக்கயிறு, சணல்,
யாரோ தந்த புடவைக் கிழிசல் என
முடிச்சுப் போட்டு நீட்டுவான்.
முடிச்சுகளைக் கழித்து நான் எழுதுவேன்.

ஒன்பதாம் கட்டம், பயன்பாடு:
குடிநீர், பாசனம், பயனற்றது.
காலனியிலிருந்து குடத்தோடு வந்த இந்திராணி
படிவத்தை எட்டிப் பார்த்துக் கேட்டாள்:
"எங்கள எடுக்க வுடாத கெணறும்மா இது.
அதுக்கு எங்க டிக் போடுவ?"
ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.
ஓரங்களைக் கணினியில் ஏற்றுவதில்லை.

பதினேழாம் கிணற்றுக்கு நான் போகவில்லை.
மதியம் இரண்டு மணி, கூட்ரோடு கடை நிழல்,
கையில் ரோஸ்மில்க்.
பதினாறில் பதினொன்று புள்ளி நான்கு.
காலையிலேயே முடித்த பதினெட்டில்
பதின்மூன்று புள்ளி எட்டு.
கூட்டி, பாதியாக்கி,
பன்னிரண்டு புள்ளி ஆறு என்று எழுதினேன்.
தேசிங்கு பார்த்தான்.
அவனுக்கு நாள்கூலி, எனக்கு மாதச் சம்பளம்.
கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு
நாளைக்கு எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டான்.

வழவழ தாளில் வரைபடம் வந்தது.
நிலத்தடி நீரின் சமமட்டக் கோடுகள்,
ஒன்று அந்த இடத்தில் மெல்ல வளைந்து போனது.
சென்னைக் கருத்தரங்கில் ஒருவர்
லேசர் புள்ளியை அதன்மேல் ஓட்டிச் சொன்னார்:
"பாருங்கள், என்ன சீரான சரிவு!"
கைதட்டினார்கள்.
நானும் தட்டினேன் என்று நினைக்கிறேன்.

மூன்று வருடம் கழித்து
அமிர்தி பஸ்ஸிலிருந்து ஒரு ஞாயிறு இறங்கி நடந்தேன்.
பதினேழு ஒரு பாறை.
பாறையில் எட்டடிப் பள்ளம்,
வெடி வைத்த துளைகள், ஒரு பழைய செருப்பு,
முந்தின நாள் மழையில் ஒரு சாண்.
அதில் ஒரு தவளை
என்னை ஏற இறங்கப் பார்த்தது.
கிணறு என்று வரைபடத்தில் புள்ளி வைத்தவரும்
எங்கோ நிழலில்தான் உட்கார்ந்திருப்பார்.

தேசிங்குக்குப் போன் செய்தேன்.
ராணிப்பேட்டைத் தோல் கம்பெனியில் இருக்கிறான்,
பின்னால் டிரம் உருளும் சத்தம்.
"தெரியும் மேடம். பாறைதான்.
அன்னிக்கு சாயங்காலமே போய்ப் பாத்தேன்,
வூட்டுக்குப் போற வழிதானே."
"ஏன் சொல்லல?"
"நீங்க எழுதிட்டீங்களே."

அறிக்கையின் நன்றிப் பக்கத்தில் அவன் பெயர்
'உள்ளூர் உதவியாளர்கள்'.
பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து
பழைய படிவத்தில் எண்ணை அடித்தேன்.
பாறை. நீர்மட்டம் இல்லை.
பார்த்தவர் என்ற இடத்தில்
என் கையெழுத்தையும் அடித்தேன்.

"தேசிங்கு, உன் இன்ஷியல் என்ன?"

டிரம் ஒரு சுற்று உருண்டது.
"ஏன் மேடம்,
கூலி பாக்கி ஏதாவது இக்குதா?"